காத்திருப்போரும் மாறும் விதியும்: சுரங்கக் குத்தகை விண்ணப்பங்கள் குறித்த சட்ட விளக்கம்

முன்னுரை

ஒருவர் அரசிடம் உரிமம் ஒன்றைக் கேட்டு விண்ணப்பிக்கின்றார். விண்ணப்பித்த நாளில் நடப்பில் இருந்த விதிகளின்படி அவருக்குத் தகுதி உண்டு. கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது, வரைபடமும் சான்றுகளும் இணைக்கப்பட்டுள்ளன. கோப்பு ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு நகர்கிறது. மாதங்கள் கழிகின்றன, சில வேளைகளில் ஆண்டுகளும் கழிகின்றன. இந்நிலையில் அரசு விதியை மாற்றிவிடுகிறது. புதிய விதியின்படி அவருக்கு அந்த உரிமம் கிடைக்க வழியே இல்லை. பழைய விதியின்படிதான் தம் விண்ணப்பத்தை முடிவு செய்ய வேண்டும் என்று அவர் கேட்க முடியுமா? தாமதத்திற்குக் காரணம் அரசே ஆயினும், அவருடைய கை வெறுங்கைதானா?

இக்கேள்வி ஏட்டளவில் எழுந்ததன்று. தமிழ்நாட்டின் கருங்கற் குன்றுகளை ஒட்டி எழுந்து, இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1981-ஆம் ஆண்டில் விடை பெற்றது. அவ்விடை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவின் சுரங்கச் சட்டத்தில் மட்டுமன்றி, ஏற்றுமதி ஒதுக்கீடு, மதுபான உரிமம் போன்ற பிற துறைகளிலும் எடுத்தாளப்பட்டு வருகிறது. அவ்விடை என்ன, எதனால் அவ்வாறு அமைந்தது, அதன் எல்லை எங்கே என்பனவற்றைத் தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டம் ஆங்கிலத்தில்தான் பேசும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சட்டத்தின் கருத்தைத் தமிழில் தெளிவாகச் சொல்ல இயலுமாயின், அக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்க்கவும் தமிழில் இயலும்.

1. அதிகாரம் எங்கிருந்து வருகிறது

இந்திய அரசமைப்பில் கனிமங்கள் பற்றிய அதிகாரம் இரண்டு பட்டியல்களில் அமைந்துள்ளது. மாநிலப் பட்டியலின் 23-ஆம் இனம் சுரங்கங்களையும் கனிம வளர்ச்சியையும் மாநிலங்களுக்கு அளிக்கிறது. ஒன்றியப் பட்டியலின் 54-ஆம் இனமோ, பொதுநலன் கருதி நாடாளுமன்றம் சட்டத்தின் வாயிலாக அறிவிக்கும் அளவுக்கு அப்பொருளை ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. அவ்வாறு அறிவித்து இயற்றப்பட்டதே 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம்.

அச்சட்டம் கனிமங்களை இரு வகையாகப் பிரிக்கிறது. இரும்புத்தாது, மாங்கனீசு போன்றவை பெருங்கனிமங்கள். கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவையும், அரசிதழில் அறிவிக்கப்படும் பிறவும் சிறுகனிமங்கள். சிறுகனிமங்களுக்கான குத்தகை விதிகளை வகுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாநில அரசுகளிடம் ஒப்படைத்துள்ளது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 அவ்வாறு பிறந்தவை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டத்தை இயற்றுவது மக்கள் தேர்ந்தெடுத்த அவை. விதியை வகுப்பது அரசின் செயலகம். ஆகவே சட்டத்தை மாற்றுவதைக் காட்டிலும் விதியை மாற்றுவது எளிது. ஓர் அரசாணையும் அரசிதழ் அறிவிப்பும் போதும். இந்த எளிமையில்தான் அதிகாரத்தின் பயனும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது.

2. கருப்புக் கல்லும் 1977-ஆம் ஆண்டு விதியும்

வணிகத்தில் கருப்பு கிரானைட் என்று வழங்கப்படும் கல், நிலவியலாரின் கணக்கில் பெரும்பாலும் கிரானைட்டே அன்று. டோலரைட், காப்ரோ என்னும் வகைகளைச் சேர்ந்தது. நுண்ணிய அமைப்பும், மெருகேற்றினால் கண்ணாடி போல் ஒளிரும் தன்மையும் கொண்டது. நினைவுக் கற்களுக்காக ஜப்பான் போன்ற நாடுகள் இதனை விரும்பி வாங்கின. ஒரு காலத்தில் அடித்தளத்திற்கும் மதிலுக்கும் பயன்பட்ட கல், அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் பொருளாயிற்று.

மதிப்பு உயர்ந்ததும் குத்தகை கேட்போர் பெருகினர். தமிழக அரசு வேறொரு முடிவுக்கு வந்தது. தனியார் குத்தகையாளர்கள் அறிவியல் முறைக்கு மாறாகக் கல்லை உடைத்து வீணாக்குகின்றனர், எளிதில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு எஞ்சியதைச் சிதைக்கின்றனர் என்பது அரசின் நிலைப்பாடு. 1977-ஆம் ஆண்டிலேயே மாநில அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு கனிம நிறுவனம், சுருக்கமாக ‘டாமின்’, தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சிறுகனிம விதிகளில் 8-சி என்னும் புதிய விதி சேர்க்கப்பட்டது.

அவ்விதி சொன்னது இரண்டே செய்திகள். ஒன்று, 1977 டிசம்பர் 7 முதல் கருப்பு கிரானைட் எடுக்கத் தனியாருக்குக் குத்தகை வழங்கப்படமாட்டாது. மற்றொன்று, அரசு தானே அதனை எடுக்கலாம், அல்லது முழுவதும் மாநில அரசுக்குச் சொந்தமான கழகத்திற்குக் குத்தகை அளிக்கலாம். தனியார் நிலமாயின் நில உடைமையாளரின் இசைவைப் பெற வேண்டும் என்ற ஒரு காப்பும் அதில் இருந்தது.

இதனால் பாதிக்கப்பட்டோர் இரு திறத்தார். முதல் திறத்தார் ஏற்கெனவே குத்தகை பெற்றுக் கல்லெடுத்து வந்தவர்கள். காலம் முடியும் தறுவாயில் புதுப்பித்தல் கேட்டு விண்ணப்பித்தவர்கள். இரண்டாம் திறத்தார் புதிய குத்தகை கேட்டுக் காத்திருந்தவர்கள். இருவரும் 8-சி விதி பிறப்பதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தனர். அரசு அவற்றை முடிவு செய்யாமல் வைத்திருந்து, பின்னர் 8-சி விதியைக் காட்டி மறுத்தது.

3. வழக்கும் தீர்ப்பும்

பாதிக்கப்பட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கனிமத்தைப் பாதுகாத்தல் என்ற போர்வையில் அரசு தனக்கென ஒரு முற்றுரிமையை உண்டாக்கிக்கொண்டது, விதி வகுக்கும் அதிகாரம் அதற்கு இடந்தராது என்பது அத்தீர்ப்பின் சாரம். 8-சி விதிக்கு முன் அளிக்கப்பட்ட விண்ணப்பங்களை அவ்விதி இல்லாதது போலவே கருதி முடிவு செய்ய வேண்டும் என்ற கருத்தும் அதில் இருந்தது.

தமிழ்நாடு அரசு மேல்முறையீடு செய்தது. அதுவே ‘தமிழ்நாடு அரசு எதிர் ஹிந்த் ஸ்டோன்’ என்று அறியப்படும் வழக்கு. 1981 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஓ. சின்னப்ப ரெட்டி.

அவர் தீர்ப்பைத் தொடங்கிய முறையே எண்ணத் தக்கது. விதியின் எண்ணையோ வாதங்களின் வரிசையையோ அவர் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறும் காடும் கனிமமும் ஒரு நாட்டின் இயற்கைச் செல்வம், அவற்றை ஒரு தலைமுறை மட்டும் கரைத்துவிடலாகாது, பின்வரும் தலைமுறைகளுக்காகப் பேணுவது ஒவ்வொரு தலைமுறையின் கடமை என்ற கருத்தை முன்வைத்தார். பின்னர் வந்த முடிவுகள் யாவும் இந்த அடித்தளத்தின்மீது எழுந்தவை.

முதல் கேள்வி, 15-ஆம் பிரிவு தனியாரை முற்றாக விலக்க இடந்தருகிறதா என்பது. ஒழுங்குபடுத்தல் என்பதற்குத் தடை செய்தல் என்ற பொருளும் அடங்கும் என்று நீதிமன்றம் கொண்டது. அரிய கனிமத்தைக் காப்பதற்கும் முறையாகப் பயன்படுத்துவதற்கும் தனியாரை விலக்குவது தேவையாயின், அது சட்டத்தின் நோக்கத்திற்குள் அமைந்ததே. அதன் விளைவாக அரசுக்கு முற்றுரிமை கிட்டுகிறது என்பதால் மட்டும் நோக்கம் மாறிவிடாது.

இரண்டாம் கேள்வி, புதுப்பித்தலுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது. விதி 8-சி குத்தகை வழங்குதலைப் பற்றித்தான் பேசுகிறது, புதுப்பித்தல் அன்று என்பது குத்தகையாளரின் வாதம். புதுப்பித்தல் என்பதும் புதிதாக வழங்குதலுக்கு ஒப்பானதே, வழங்கவே கூடாது என்று விதி சொல்லும்போது புதுப்பிக்க மட்டும் கூடும் எனல் பொருந்தாது என்று நீதிமன்றம் மறுத்தது.

மூன்றாம் கேள்வியே நம் பொருளின் மையம். விண்ணப்பங்களை நெடுங்காலம் நிலுவையில் வைத்திருந்து, பிறகு வந்த விதியைக் கொண்டு மறுப்பது முறையா? நீதிமன்றம் இரண்டு செய்திகளைப் பிரித்துக் காட்டியது. விண்ணப்பங்கள் நியாயமான காலத்திற்குள் முடிவு செய்யப்பட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதனால், விண்ணப்பித்த நாளின் விதிப்படிதான் முடிவு செய்ய வேண்டும் என்ற உரிமை விண்ணப்பதாரருக்குப் பிறந்துவிடாது. குத்தகை பெறுவதற்கோ புதுப்பிப்பதற்கோ எவருக்கும் நிலைபெற்ற உரிமை இல்லை. அத்தகைய உரிமை இல்லாத நிலையில், விண்ணப்பம் முடிவு செய்யப்படும் நாளில் நடப்பில் உள்ள விதியே அதனை ஆளும். தாமதம் நீண்டதாயினும் இதுவே நெறி.

4. எதிர்பார்ப்பும் உரிமையும்

இம்முடிவை விளங்கிக்கொள்ள, நாம் அன்றாடம் கலந்து வழங்கும் சில சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘எனக்குக் குத்தகை பெற உரிமை உண்டு’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் மூன்று வெவ்வேறு பொருள்களில் ஒன்றைக் கருதலாம்.

முதலாவது, விண்ணப்பிக்கும் உரிமை. தகுதி உள்ள எவரும் கேட்கலாம்; கேட்பதைத் தடுக்கலாகாது. இரண்டாவது, கேட்டதற்கு விடை பெறும் உரிமை. விண்ணப்பத்தைப் பாராமலே மூலையில் எறிதல் கூடாது. காரணமின்றி மறுத்தலும் கூடாது. மூன்றாவது, கேட்ட பொருளையே பெறும் உரிமை. அரசு ஆணை பிறப்பித்து, ஒப்பந்தமும் எழுதி, குத்தகை நடைமுறைக்கு வந்த பின்னரே இம்மூன்றாவது உரிமை நிலைபெறுகிறது. ஹிந்த் ஸ்டோன் வழக்கில் விண்ணப்பதாரர்களிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை.

இக்கருத்து இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. நம் நாடுகளைப் போலவே ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைச் சேர்ந்த ஹாங்காங்கிலிருந்து எழுந்த ஒரு மேல்முறையீட்டை லண்டன் பிரிவி கவுன்சில் 1961-இல் முடிவு செய்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான சான்றிதழை எதிர்பார்த்திருந்த ஹோ போ சாங் என்பவர் தொடர்பான வழக்கு அது. முடிவு வருவதற்குள் சட்டப் பிரிவுகள் நீக்கப்பட்டன. அவரிடம் இருந்தது உரிமை அன்று, சாதகமான முடிவு வரும் என்ற நம்பிக்கையே என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சட்டம் நீங்கினாலும் அதன்கீழ்ப் பிறந்த உரிமைகள் நீங்கா என்பது பொதுவான நெறி. ஆனால் பிறந்த உரிமையைத்தான் அந்நெறி காக்கும், பிறக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பை அன்று.

வயலுக்கும் விதைக்கும் உள்ள உறவை நாம் அறிவோம். விதைத்தவருக்கு விளைச்சலின்மேல் எதிர்பார்ப்பு உண்டு. களத்தில் நெல் குவிந்த பிறகே அது அவருடைய நெல். ஆயினும் விதைத்தவர் உழைத்திருக்கிறார், செலவழித்திருக்கிறார் என்பதையும் மறுக்க இயலாது. சட்டத்தின் விடை தெளிவாக இருக்கிறது. நியாயத்தின் கேள்வி அதனோடு முடிந்துவிடவில்லை.

5. நெறி பரவிய வழி

ஹிந்த் ஸ்டோன் தீர்ப்பு வெளிவந்த பிறகு, அரசு தன் கொள்கையை மாற்றிக்கொண்ட இடங்களிலெல்லாம் அது மேற்கோளாயிற்று. சென்னையைச் சேர்ந்த ஆடை ஏற்றுமதியாளர்கள் ஒதுக்கீட்டு முறை மாறியபோது தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டிலும், தில்லி மதுபான உரிம வழக்கில் 2006-ஆம் ஆண்டிலும் இதே நெறி பின்பற்றப்பட்டது.

தமிழ்நாட்டிலேயே அந்த விதிகள் அதன் பிறகும் பலமுறை உருமாறின. அவற்றுள் 39-ஆம் விதி குறிப்பிடத் தக்கது. கனிம வளர்ச்சிக்கும் பொதுநலனுக்கும் தேவை என்று அரசு கருதினால், பிற விதிகள் எவ்வாறிருப்பினும் குத்தகை வழங்கலாம் என்று அது கூறியது. 8-சி விதி கதவை அடைத்தது. 39-ஆம் விதி அதே கதவின் சாவியை அரசின் கையில் வைத்தது. உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 1994-இல் ‘பிரீமியம் கிரானைட்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கொள்கை சிறந்ததா என்பதை எடை போடுவது நீதிமன்றத்தின் பணியன்று, அது சட்டத்திற்கு மாறானதா என்பதே பணி என்ற நிலைப்பாட்டை அத்தீர்ப்பிலும் காண்கிறோம். 2003 அக்டோபரில் 38-ஏ என்னும் விதியின்வழி ஆற்று மணல் எடுக்கும் பணியையும் மாநில அரசு தானே மேற்கொண்டது.

6. 2015-ஆம் ஆண்டின் பெருமாற்றம்

ஹிந்த் ஸ்டோன் வழக்கில் ஒரு மாநிலத்தின் ஒரு கல்லைப் பற்றிய கேள்வி எழுந்தது. 2015-இல் அதே கேள்வி நாடு முழுவதற்கும் விரிந்தது.

அதற்கு முன்னோடியாக இரு நிகழ்ச்சிகள் அமைந்தன. 2012-இல் அலைக்கற்றை வழக்கில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2014-இல் 214 நிலக்கரி வட்டார ஒதுக்கீடுகளை நீக்கியது. பொதுச் சொத்தை அரசு தன் விருப்பப்படி பங்கிட்டுக் கொடுக்கலாமா என்ற ஐயம் நாடெங்கும் எழுந்தது. முதலில் விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை என்ற பழைய முறையின் இடத்தில் ஏலம் வந்தது. 2015 ஜனவரி 12 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, சிறுகனிமம் அல்லாத கனிமங்களுக்கான குத்தகைகள் பொதுவாக ஏலத்தின் வாயிலாகவே வழங்கப்படும்.

அவ்வாறாயின், அந்நாளில் நிலுவையில் இருந்த விண்ணப்பங்களின் நிலை என்ன? ஹிந்த் ஸ்டோன் வழக்கில் நீதிமன்றம் விடை காண வேண்டியிருந்த இக்கேள்விக்கு, இம்முறை நாடாளுமன்றமே சட்டத்தில் விடை எழுதியது. புதிய 10-ஏ பிரிவின்படி, முன்னர்ப் பெறப்பட்ட விண்ணப்பங்கள் யாவும் தகுதியிழந்தன. மூன்று விதிவிலக்குகள் தரப்பட்டன. அவற்றுள் இரண்டு நமக்கு முதன்மையானவை. ஆய்வு அனுமதியோ தேடல் உரிமமோ பெற்று நிலத்தில் பணி செய்தவர்களுக்கு, குறித்த நிபந்தனைகளின்கீழ் அடுத்த நிலைக்குச் செல்லும் வாய்ப்பு காக்கப்பட்டது. ஒன்றிய அரசின் முன் ஒப்புதலோ மாநில அரசின் இசைவுக் கடிதமோ பெற்றிருந்தவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் குத்தகையை முடித்துக்கொள்ள இடம் தரப்பட்டது.

இப்பிரிவு எங்கே கோடு கிழித்தது என்பதைப் பாருங்கள். வெறுமனே கேட்டவர் கோட்டிற்கு அப்பால் நின்றார். கேட்டு, அரசின் எழுத்து வடிவான உறுதியைப் பெற்றவர் கோட்டிற்கு இப்பால் நின்றார். எதிர்பார்ப்புக்கும் உரிமைக்கும் இடையில் உள்ள படிகளுள் ஒன்றைச் சட்டம் தேர்ந்து எல்லைக் கல்லாக நாட்டியது.

அக்கோட்டின் கடுமையை ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கு காட்டும். இரும்புத்தாதுக் குத்தகை கோரிய ஓர் எஃகு நிறுவனத்திற்குச் சாதகமாக 2012-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்து, மாநில அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும் என்றது. குத்தகை கைக்கு வருமுன் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வந்துவிட்டது. முன் ஒப்புதலும் இசைவுக் கடிதமும் இல்லாத நிலையில் அவ்விண்ணப்பம் தகுதியிழந்தது என்று 2016 டிசம்பரில் அதே நீதிமன்றம் முடிவு செய்தது. வழக்கில் வென்றவரின் விண்ணப்பமும் விண்ணப்பமே. அது குத்தகை ஆகிவிடவில்லை.

2021 மார்ச்சில் நிகழ்ந்த மற்றொரு திருத்தம் இரண்டாம் வகையினருக்கு, அதாவது தேடல் பணி செய்தவர்களுக்கு, இருந்த வாய்ப்பையும் முடித்து வைத்தது. ஆனால் அத்திருத்தம் வெறுமனே கதவை அடைக்கவில்லை. அவர்கள் தேடல் பணிக்குச் செலவிட்ட தொகையைத் திருப்பித் தர வழி செய்தது. இச்சிறு மாற்றத்தை நாம் முக்கியமானதாகக் கருதுகிறோம். காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

7. அதிகாரத்தின் எல்லைகள்

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், அரசு எதையும் எப்போதும் மாற்றலாம் போலும் என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. இந்தியச் சட்டத்தில் இவ்வதிகாரத்திற்கு நான்கு எல்லைகளையேனும் காண்கிறோம்.

முதல் எல்லை, மூலச் சட்டம். விதி வகுக்கும் அதிகாரம் சட்டத்திலிருந்து பெறப்பட்டது. ஆகவே சட்டத்தின் நோக்கத்தைத் தாண்டி விதி செல்லலாகாது. 8-சி விதி நிலைத்தமைக்குக் காரணம், அது கனிமப் பாதுகாப்பு என்ற நோக்கத்தோடு பொருந்தியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே. தொடர்பற்ற நோக்கத்திற்காக வகுக்கப்படும் விதி அவ்வாறு நிலைக்காது.

இரண்டாம் எல்லை, சமத்துவம். அரசமைப்பின் 14-ஆம் உறுப்பு மனம்போன போக்கிலான செயலைத் தடுக்கிறது. ஒரே நிலையில் உள்ள இருவருள் ஒருவருக்கு மட்டும் பழைய விதியையும் மற்றவருக்குப் புதிய விதியையும் பொருத்துதல் கூடாது. ஒருவரைக் குறிவைத்து விதியை மாற்றுவதும், தீய எண்ணத்தோடு கோப்பை நிறுத்தி வைப்பதும் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உரியவை.

மூன்றாம் எல்லை, நிலைபெற்ற குத்தகை. நடப்பில் உள்ள குத்தகையை இடையில் முடிப்பது விண்ணப்பத்தை மறுப்பது போன்றதன்று. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஏ பிரிவு, குத்தகையாளரின் விளக்கத்தைக் கேட்க நியாயமான வாய்ப்பளித்த பின்னரே அவ்வாறு முடிக்கலாம் என்கிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வேறுபாட்டைப் பேணியது. விண்ணப்பங்களைத் தகுதியிழக்கச் செய்த அதே திருத்தம், நடப்பில் இருந்த குத்தகைகளுக்குக் காலநீட்டிப்பு தந்தது. சொந்த ஆலைக்காகத் தாது எடுப்போருக்கு 2030 மார்ச் 31 வரையிலும், பிறருக்கு 2020 மார்ச் 31 வரையிலும் பொதுவாக அந்நீட்டிப்பு அமைந்தது.

நான்காம் எல்லை, தெளிவு. நிலுவையில் உள்ளவற்றுக்கும் புதிய விதி பொருந்துமா என்பதை விதியே தெளிவாகச் சொல்லுமாயின் வழக்குகள் குறையும். 1977-ஆம் ஆண்டு விதி இதனை நேரே சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் நேரே சொன்னது. ஆகவே வழக்குகள் வந்தபோதும் கேள்வி குறுகியதாயிற்று.

8. தாமதத்தின் விலை

இனி நம் கருத்தைக் கூறுவோம். முடிவு செய்யும் நாளின் விதியே பொருந்தும் என்ற நெறி சரியானது என்றே நாம் கருதுகிறோம். எண்ணிப் பாருங்கள்: விண்ணப்பித்த நாளின் விதியே பொருந்தும் என்று கொண்டால், கொள்கை மாறப்போகிறது என்ற செய்தி கசிந்தவுடன் விண்ணப்பங்கள் வந்து குவியும். அவை யாவும் முடிவு செய்யப்படும்வரை புதிய கொள்கை ஏட்டில் மட்டுமே இருக்கும். ஒருமுறை எடுத்த கல்லை மீண்டும் மலையில் வைக்க இயலாது. குத்தகை கேட்டு நிற்போரின் வரிசையில் இன்னும் பிறவாத தலைமுறையும் நிற்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது.

எனினும் இந்நெறியில் ஒரு குறை இருக்கிறது. விண்ணப்பம் நியாயமான காலத்திற்குள் முடிவு செய்யப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அவ்வாறு செய்யாவிட்டால் என்ன விளைவு என்பதைச் சொல்லவில்லை. விளைவற்ற கடமை அறிவுரையாகவே நின்றுவிடும். காலம் தாழ்த்தினாலும் அரசுக்கு இழப்பு ஒன்றுமில்லை. காத்திருப்பவருக்கோ ஒவ்வொரு மாதமும் இழப்பு. பெருநிறுவனங்கள் அதனைத் தாங்கும். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய சிறு குவாரிக்காரரும், வேலையை எதிர்பார்த்திருக்கும் கல்லுடைக்கும் தொழிலாளரும் எவ்வாறு தாங்குவர்?

இதனால்தான் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் செலவீட்டு ஏற்பாட்டை முக்கியமானது என்றோம். குத்தகை தர இயலாது, ஆனால் அரசின் அனுமதியை நம்பிச் செய்த செலவைத் திருப்பித் தருவோம் என்று சொல்வது, கொள்கை மாற்றத்தின் பயனையும் சுமையையும் ஒருசேர ஏற்பதாகும். அந்த ஏற்பாடு தேடல் உரிமம் பெற்றவர்களோடு நின்றுவிட்டது. விண்ணப்பக் கட்டணம், அளவை வரைபடம் போன்றவற்றுக்காகச் செலவிட்ட சாதாரண விண்ணப்பதாரருக்கும், தாமதம் அரசினால் நேர்ந்ததாயின், அதனை விரிவுபடுத்துவது தக்கது. விதியை மாற்றும் அதிகாரம் அரசிடமே இருக்கட்டும். தாமதத்தின் விலையை மட்டும் காத்திருந்தவர் தலையில் சுமத்தாதிருக்கட்டும்.

9. நம் மண்ணோடு உள்ள தொடர்பு

இக்கருத்துகள் நமக்குத் தொலைவானவை அல்ல. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு, நிலமும் கனிமமும் ஆட்சியின் விதிகளோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளன என்பது விளங்கும். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் சுரங்கக் குத்தகைகளும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீதிமன்றங்கள் பொதுச்சட்ட மரபில் வளர்ந்தவை. இந்திய, ஆங்கிலேயத் தீர்ப்புகள் அவற்றைக் கட்டுப்படுத்தா எனினும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதுண்டு. விடை அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் கேள்வி பொதுவானது.

வணிக உரிமம், கட்டட அனுமதி, தொழில் அனுமதி என்று எதற்கு விண்ணப்பிப்போரும் மூன்று பாடங்களை மனத்தில் கொள்ளலாம். விண்ணப்பத்தின் பெற்றுகைச் சீட்டு உரிமைச் சான்று அன்று. எழுத்து வடிவான ஒப்புதல் கைக்கு வரும் முன் பெருஞ்செலவில் இறங்குதல் இடர் நிறைந்தது. விதி மாறும்போது, மாற்ற அறிவிப்பிலேயே நிலுவை விண்ணப்பங்களைப் பற்றிய பிரிவு ஏதும் உள்ளதா என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

கருப்புக் கல்லைப் பற்றிய ஒரு விதியிலிருந்து தொடங்கினோம். கனிமம் பொதுச் செல்வம், அதனைக் காக்க அரசு விதியை மாற்றலாம், விண்ணப்பித்தவர் என்பதனால் மட்டும் ஒருவர் அம்மாற்றத்தைத் தடுத்து நிறுத்த இயலாது என்பதைக் கண்டோம். அவ்வதிகாரம் மூலச் சட்டத்திற்கும் சமத்துவத்திற்கும் நிலைபெற்ற உரிமைக்கும் உட்பட்டது என்பதையும் கண்டோம்.

அரசு காலந்தாழ்த்தும்போது அதன் சுமையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மட்டும் முழுமையான விடை இன்னும் கிட்டவில்லை. அதனை நீதிமன்றம் மட்டும் தந்துவிட இயலாது. சட்டம் இயற்றும் அவைகளும், அவற்றைக் கேள்வி கேட்கும் குடிமக்களும் சேர்ந்தே காண வேண்டும். அக்கேள்வியைத் தங்கள் மொழியிலேயே கேட்கும் தெளிவை இக்கட்டுரை சிலருக்கேனும் அளித்திருப்பின், அதன் பணி நிறைவேறியதாகக் கொள்வோம்.